ஒரே பெட்டியில் விண்டோஸ் 7, 10, 11, லினக்ஸ் மின்ட்: வேகத்தை ஏமாறாமல் அளப்பது

"விண்டோஸ் 7 இருந்தவரைக்கும் சிஸ்டம் பறந்துச்சு, 10 போட்டதுலேர்ந்து நகரவே மாட்டேங்குது." சர்வீஸ் கடைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன புகார் இது. புகார் பொய் இல்லை, பழி விழும் இடம்தான் பெரும்பாலும் தப்பு. அதே பெட்டியில் ஒரு எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாட்டி இரண்டு ஓஎஸ்ஸையும் (இயங்குதளம்) மறுபடி ஓட்டிக் காட்டினால், புகார் சொன்னவரே எது வேகம் என்று அடித்துச் சொல்லத் தயங்குவார். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ப்ராசசர் கணக்குப் போடும் நேரத்தில் இல்லை. டிஸ்க்குக்கும் ரேமுக்கும் வரிசையில் நிற்கும் நேரத்தில் இருக்கிறது. அதை எண்ணாகப் பிடிக்க வேண்டுமென்றால், அளக்கிற முறையில் இருக்கும் ஓட்டைகளை முதலில் அடைக்க வேண்டும். இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த ஓட்டைகளைப் பற்றித்தான். ஒப்பிடுவது விண்டோஸ் 7, 10, 11, இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் நான்கையும்.

பெட்டியும் முன்வேலையும்

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் பழைய கணினிக் கடைகளிலும் நன்றாகக் கைமாறும் ரகம்தான் இது. 2013இல் வந்த நான்காம் தலைமுறை ஐ5-4570 ப்ராசசர்: நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.6. எச்81 சிப்செட் போர்டு. டிடிஆர்3 1600 ரேம், 4 ஜிபி ஸ்டிக் இரண்டு. 7200 ஆர்பிஎம் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, ப்ராசசருக்குள் இருக்கும் எச்டி 4600தான்.

ரேம் இரண்டு ஸ்டிக்காக இருக்கட்டும். டிடிஆர்3 1600 ஒரு சேனலில் நொடிக்கு 12.8 ஜிபி கொடுக்கும், இரண்டு சேனலும் ஓடினால் 25.6. திரைக்கு வேண்டியதும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. ஒரு ஓஎஸ்ஸை ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்கிலும் இன்னொன்றை இரண்டு ஸ்டிக்கிலும் ஓட்டிவிட்டு ஓஎஸ்ஸை ஒப்பிட்டேன் என்று சொல்லக்கூடாது.

எச்81இல் சாட்டா போர்ட் (டிஸ்க்கின் கேபிளைச் செருகும் இடம்) எல்லாம் ஒன்றல்ல. இரண்டு மட்டும் 6 ஜிகாபிட், மற்றவை 3 ஜிகாபிட். 3 ஜிகாபிட்டில் மாட்டிய எஸ்எஸ்டி நொடிக்கு 280 எம்பி வாக்கில் முட்டி நிற்கும், 6இல் 500ஐத் தாண்டும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் போர்டில் எழுத்தைப் படித்து 6 ஜிகாபிட் போர்ட்டைக் கண்டுபிடித்து, கடைசிவரை அதே போர்ட், அதே கேபிள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது தன் நலம் பற்றி டிஸ்க்கே வைத்திருக்கும் குறிப்பை, பாருங்கள். 05 (மாற்றி வைத்த கெட்ட செக்டர்), சி5 (சந்தேகத்தில் இருக்கும் செக்டர்) இரண்டிலும் பூஜ்யம் இல்லையென்றால் அந்த டிஸ்க்கை வைத்து எதையும் அளக்க வேண்டாம். சி7 எண் ஏறிக்கொண்டே போனால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, கேபிளில்.

பத்து வருடப் பெட்டியில் ப்ராசசர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். இதைச் சரி செய்யாமல் தொடங்கினால் ஒரு வேடிக்கை நடக்கும்: கடைசியாகச் சோதித்த ஓஎஸ்தான் எப்போதும் தோற்கும். பெட்டி சூடேறியபின் டர்போ வேகம் நிற்காது, 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிது வைத்து, ஃபேன் தூசியை ஊதிவிட்டு, கூலரின் நான்கு கால்களும் போர்டுக்குப் பின்பக்கம் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் பாதியில் நின்றால் பேஸ்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை. கையோடு சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடலாம். அது செத்திருந்தால் தேதி பின்னுக்குப் போகும். தேதி தப்பானால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது, அப்டேட் இறங்காது, பழி மறுபடி ஓஎஸ் மேல் விழும்.

நான்கு ஓஎஸ்ஸையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் நான்கு பார்ட்டிஷனாகப் பிரித்துப் போடும் பழக்கம் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு அது ஆகவே ஆகாது. சுழலும் தட்டில் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் தகவல் உள் வட்டத்தைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. முதல் பார்ட்டிஷன் வெளி வட்டத்தில் விழும், கடைசிப் பார்ட்டிஷன் உள்ளே போய்விடும். முதலில் போட்டது ஜெயிக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கை முழுக்கத் துடைத்து, ஒரே ஓஎஸ், ஒரே பார்ட்டிஷன், தொடக்கத்திலிருந்து. இன்ஸ்டால் செய்யும்போது மற்ற டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) அந்த டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எக்ஸ்பி காலத்து டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எக்ஸ்பி பார்ட்டிஷனை 63ஆவது செக்டரில் தொடங்கும், அதாவது 32,256 பைட்டில். 4,096ஆல் வகுத்தால் மீதி வரும். 4 கேபி எழுதும் ஒவ்வொரு முறையும் எஸ்எஸ்டி இரண்டு பக்கங்களைத் தொட வேண்டியிருக்கும். விஸ்டாவிலிருந்து தொடக்கம் 1,048,576 பைட், அது சரியாக 256 மடங்கு. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் டிஸ்க்ஸ் பகுதியில் "பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்" என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 7 போடும்போது

பயாசில் (போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரல்) சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ஏஹெச்சிஐ. பழைய முறையான ஐடிஇயில் விட்டு இன்ஸ்டால் செய்துவிட்டுப் பிறகு மாற்றினால் 7பி நீலத்திரை வந்து நிற்கும். செக்யூர் பூட் (கையொப்பமுள்ள ஓஎஸ்ஸை மட்டும் விடும் காவல்) ஆஃப், சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறையில் பூட் ஆக விடுவது) ஆன். பென்டிரைவ் கறுப்பு யூஎஸ்பி 2.0 துளையில் மட்டும். நீலத் துளையில் செருகினால் இன்ஸ்டாலர் பாதி வழியில் "சிடி டிவிடி டிரைவர் இல்லை" என்று கேட்டு நிற்கும். அது கேட்பது சிடி டிரைவர் இல்லை. 7க்கு யூஎஸ்பி 3.0 தெரியாது, ஆகவே தன்னைச் சுமந்து வந்த பென்டிரைவே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த எழுத்தை நம்பி டிவிடி டிரைவை மாற்றியவர்கள் உண்டு.

நெட்வொர்க் டிரைவரைத் தனிப் பென்டிரைவில் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பேக் 1க்குப் பிறகு முதலில் போட வேண்டியவை கேபி 4490628 (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் அப்டேட்டின் எண்), அடுத்து கேபி 4474419. இவை இரண்டும் இல்லாமல் 7க்கு ஷா-2 கையொப்பம் (நிரல் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) புரியாது. 2019க்குப் பிறகு வந்த அப்டேட்கள் நுழையாது, சில டிரைவர்கள் கோட் 52 (கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை) காட்டும். அப்டேட் தேடல் மணிக்கணக்கில் ஓடி ஒரு கோரை முழுக்கத் தின்றுகொண்டிருந்தால், 2016 ஜூலையில் வந்த கேபி 3172605தான் மருந்து. அது உட்கார கேபி 3020369 முன்பே இருக்க வேண்டும். இந்த நிலையில் இருக்கும் 7ஐ வைத்து அளந்துவிட்டு "7தான் மெதுவு" என்று எழுதுவதும் நியாயம் இல்லை.

கிராஃபிக்ஸ் டிரைவரை மறக்கக்கூடாது. டிவைஸ் மேனேஜரில் "ஸ்டாண்டர்ட் விஜிஏ" என்று இருந்தால் திரையில் வரைகிற வேலை முழுக்க ப்ராசசர் தலையில். 10 இந்த டிரைவரை நெட்டிலிருந்து தானே இறக்கிக்கொள்ளும், 7க்கு நாம்தான் போட வேண்டும். "10இல் வீடியோ நன்றாக ஓடுகிறது, 7இல் திக்குகிறது" என்பதில் பாதி இந்தக் கதைதான்.

10ஐயும் 11ஐயும் போட்ட உடனே அளக்காதீர்கள். முதல் சில மணி நேரம் அப்டேட் இறங்கும், தேடலுக்கான இண்டெக்ஸ் கட்டும், டாட்நெட் தன் நிரல்களை மறுபடி கம்பைல் செய்யும், விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் முதல் ஸ்கேன் ஓட்டும். ஒரு இரவு நெட்டோடு விடுங்கள். கன்ட்ரோல் பேனலில் செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ் பகுதியில் "ஸ்டார்ட் மெயின்டனன்ஸ்" அழுத்தி முடியும்வரை காத்திருங்கள். பிறகு இரண்டு தடவை ரீஸ்டார்ட். அதன்பிறகுதான் கடிகாரம். பவர் ப்ளானும் எல்லாவற்றிலும் ஒன்றாக, ஹை பெர்ஃபார்மன்ஸில் இருக்கட்டும்.

கட்டுப்பாட்டுச் சோதனைக்கு 7-ஜிப்

கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப்பில் டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இருக்கிறது. ஒரே பதிப்பு, 32 எம்பி டிக்ஷனரி, நான்கு த்ரெட், பத்துச் சுற்று. எந்த ஓஎஸ் வேகம் என்று கண்டுபிடிக்க இது உதவாது, உதவவும் கூடாது. இந்தக் கணக்கு ஓடும்போது ஓஎஸ்ஸின் மையமான கெர்னலைக் கூப்பிடும் வேலை மிகக் குறைவு. ஆகவே 7, 10, 11 மூன்றிலும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே வரவேண்டும். வரவில்லையென்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது: பேஸ்ட், பவர் ப்ளான், ஒற்றை ரேம் ஸ்டிக், அல்லது பின்னணியில் ஓடும் அப்டேட். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் இதை ஒருமுறை ஓட்டுங்கள். முன்னெண்ணும் பின்னெண்ணும் ஒத்துப்போகாத நாளின் அளவுகளைத் தூக்கிப் போடுங்கள். லினக்ஸ் பதிப்பு வேறு கம்பைலரில் வருவதால் அதில் சிறு விலகல் இருந்தால் பரவாயில்லை.

பூட் நேரம் என்ற பொறி

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வந்துவிட்டது. ஷட்டவுன் கொடுத்தால் கெர்னல் முழுதாக அணையாது. அதன் நினைவு ஹைபர்ஃபில் கோப்பில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்து எடுத்துக்கொள்ளப்படும். பாதி உறக்கத்திலிருந்து எழுவதையும் 7 வெறும் தரையிலிருந்து எழுவதையும் பக்கத்தில் வைத்து "10 சீக்கிரம் பூட் ஆகிறது" என்கிறார்கள். பவர் ஆப்ஷன்ஸில் "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ" உள்ளே போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் அதைப் போட்ட நிலையில் தனியாக ஒரு தடவை அளந்து தனியாக எழுதிக்கொள்ளலாம். அதுவும் உண்மையான அனுபவம்தான், ஆனால் வேறு அளவு.

நேர் எதிராக 10க்குப் பாதகமான பொறி ஒன்றும் இருக்கிறது. 8இலிருந்து ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருக்கும் புரோகிராம்களை டெஸ்க்டாப் வந்ததும் உடனே தொடங்காமல் சுமார் பத்து நொடி பிடித்து வைக்கும். "என் புரோகிராம் எப்போது திறந்தது" என்று அளந்தால் அந்தப் பத்து நொடி 10இன் கணக்கில் ஏறிவிடும். ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் யூசர் பக்கத்தில் எக்ஸ்ப்ளோரருக்குக் கீழே "சீரியலைஸ்" என்று ஒரு கீ உருவாக்கி, ஸ்டார்ட்அப்டிலேஇன்எம்செக் என்ற டிவேர்டை 0 ஆக வைத்தால் காத்திருப்பு போய்விடும்.

விண்டோஸுக்கே உள்ளே ஒரு கடிகாரம் உண்டு, 7இலும் உண்டு. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று இறங்கினால் 100ஆம் எண் ஈவென்ட். டீடெய்ல்ஸில் இரண்டு எண்களைப் பாருங்கள், இரண்டும் மில்லிநொடியில். மெயின்பாத் பூட் டைம் என்பது லோகோ தொடங்கி டெஸ்க்டாப் வரும்வரை. போஸ்ட்பூட் டைம் என்பது டெஸ்க்டாப் வந்தபின் பெட்டி அமைதியடையும்வரை. ஹார்ட் டிஸ்க்கில் 7க்கும் 10க்கும் முதல் எண்ணில் பெரிய தகராறு இருக்காது. இரண்டாவது எண்ணில்தான் 10 மாட்டிக்கொள்ளும். டெஸ்க்டாப் தெரிகிறது, மவுஸ் நகர்கிறது, எதை அழுத்தினாலும் திறக்கவில்லை என்ற அந்த இடைவெளி முழுக்க இந்த எண்ணுக்குள் இருக்கிறது. எஸ்எஸ்டியில் அதே எண் சுருங்கிப்போகும்.

ஹார்ட் டிஸ்க்கில் முதல் ஐந்தாறு பூட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடந்த ஐந்து பூட்டில் எந்தக் கோப்பு எப்போது தேவைப்பட்டது என்று பார்த்து விண்டோஸ் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். அதன்பிறகு ஐந்து பூட் எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். சராசரி வேண்டாம், ஒரு அப்டேட் குறுக்கே வந்தால் சராசரி கெட்டுப்போகும்.

லினக்ஸில் சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை கொடுக்கும் எண்ணை இதோடு ஒப்பிடாதீர்கள். அது டெஸ்க்டாப் திறந்து முடியும் நேரத்தைச் சேர்ப்பதில்லை. நான்குக்கும் பொதுவான அளவு வேண்டுமென்றால் கைபேசி வீடியோதான். பாஸ்வேர்டு இல்லாமல் தானே உள்நுழையும்படி வைத்து, ஃபயர்ஃபாக்ஸ் தானே திறந்து டிஸ்க்கில் இருக்கும் ஒரு பக்கத்தைக் காட்டும்படி செய்யுங்கள். பவர் பட்டன் அழுத்தும் கை முதல் பக்கம் தெரியும் ஃப்ரேம் வரை எண்ணினால், நொடிக்கு 30 ஃப்ரேம் வீடியோவில் கிடைக்கும் துல்லியம் போதும். பயாஸ் எடுக்கும் நேரத்தைத் தனியாகக் கழித்துவிடுங்கள்.

சிறு கோப்புகள்: உண்மையான வித்தியாசம் இங்கே

பெரிய ஒரே கோப்பைக் காப்பி செய்து பார்ப்பதில் எந்த ஓஎஸ்ஸும் தெரியாது, டிஸ்க்தான் தெரியும். சிறு கோப்புகள் நிறைய இருந்தால்தான் ஓஎஸ்ஸின் குணம் வெளியே வரும். லினக்ஸ் கெர்னல் மூலநிரலை எடுத்து விரிப்பது வழக்கமான சோதனை. விண்டோஸில் அது இடறும். பெரிய எழுத்து சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் கோப்புப் பெயர்கள் அதில் இருக்கின்றன, விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. போதாததற்கு "ஆக்ஸ்" என்ற பெயரிலும் ஒரு கோப்பு உண்டு. டாஸ் காலத்திலிருந்து அந்தப் பெயர் விண்டோஸில் யாருக்கும் கிடைக்காது. விரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கேள்விப்பெட்டி வந்து நிற்க, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அதைவிட எளிது, நாமே 4 கேபி கோப்பு 20,000 செய்துகொள்வது. மொத்தம் 80 எம்பி சொச்சம். ரீஸ்டார்ட் செய்து, பெட்டி அமைதியானதும், 7-ஜிப்பில் "ஸ்டோர்" முறையில், அதாவது சுருக்காமல், ஒரே கோப்பாகக் கட்டுங்கள். ப்ராசசருக்கு வேலை இல்லை. 20,000 முறை திறந்து, படித்து, மூடும் வேலை மட்டும். மறுபடி ரீஸ்டார்ட் செய்து அதையே விரியுங்கள். ரீஸ்டார்ட் இல்லாமல் இரண்டாம் முறை ஓட்டினால் எல்லாம் ரேமிலிருந்து வந்துவிடும், டிஸ்க் தூங்கும்.

ஹார்ட் டிஸ்க் ஏன் திணறுகிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 7200 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி; வேண்டிய இடம் சுழன்று வரச் சராசரியாக அதில் பாதி, 4.17. தலை நகர 8 முதல் 9. மொத்தம் சுமார் 12.5 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 80 தாவல். ஒரு கோப்புக்கு ஒரு தாவல் என்று மோசமாக அமைந்தால் 20,000 கோப்புக்கு 250 நொடி. சாட்டா எஸ்எஸ்டியில் ஒரு தாவல் 0.1 மில்லிநொடி வாக்கில், 20,000த்துக்கு 2 நொடி. இப்போது அந்த 80 தாவலை யார் யார் பங்கு போடுகிறார்கள் என்று பாருங்கள். 7இல் நீங்களும் இண்டெக்சரும் (தேடலுக்கான இண்டெக்ஸ் கட்டுவது). 10இல் நீங்கள், இண்டெக்சர், டிஃபெண்டர், அப்டேட் சர்வீஸ், ஸ்டோர், டெலிமெட்ரி (மைக்ரோசாஃப்டுக்குப் பயன்பாட்டுத் தகவல் அனுப்புவது). நொடிக்கு 80 டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் கூடுதலாக நான்கு பேர் நின்றால் வரிசை என்ன ஆகும்? அதே நான்கு பேர் நொடிக்கு 10,000 டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் நின்றால் யாருக்கும் தெரியாது. ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதியில் ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, படிக்கும் வேகம் மட்டும் 1 எம்பி சொச்சத்தில் தவழ்வதைப் பார்த்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள். புதிய ஓஎஸ் எஸ்எஸ்டி காலத்துப் பழக்கவழக்கத்தோடு வளர்ந்தது, அதைச் சுழலும் தட்டில் உட்கார வைப்பதில்தான் சிக்கல்.

எஸ்எஸ்டி போட்டும் ஆக்டிவ் டைம் 100இல் நின்றால் வேறு கோளாறு. சில ஏஹெச்சிஐ ஃபர்ம்வேர்கள் எம்எஸ்ஐ வகை குறுக்கீட்டை (வேலை முடிந்ததை ப்ராசசருக்குச் சொல்லும் ஒரு முறை) ஒழுங்காகக் கையாளாமல், 10இன் உள்டிரைவரோடு மோதும். டிவைஸ் மேனேஜரில் அந்த கன்ட்ரோலரின் பாதையைப் பார்த்து, ரெஜிஸ்ட்ரியில் அதே இடத்தில் எம்எஸ்ஐசப்போர்ட்டட் மதிப்பை 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்வது மைக்ரோசாஃப்டே வெளியிட்ட தீர்வு.

சிறு கோப்புச் சோதனையில் டிஃபெண்டரின் பங்கு பெரிது. 7இல் இருக்கும் டிஃபெண்டர் உளவு நிரல்களை மட்டும் பார்ப்பது. முழு ஆன்டிவைரஸ் 8இலிருந்துதான் உள்ளேயே வந்தது. ஆன்டிவைரஸ் இல்லாத 7ஐ டிஃபெண்டர் ஓடும் 10ஓடு ஒப்பிட்டால் ஓஎஸ்ஸை ஒப்பிடவில்லை, பூட்டில்லாத வீட்டையும் பூட்டிய வீட்டையும் ஒப்பிடுகிறோம். 10இல் இரண்டு தடவை அளங்கள்: ஒரு தடவை அப்படியே, இன்னொரு தடவை சோதனை ஃபோல்டரை எக்ஸ்குளூஷனில் (ஸ்கேன் செய்யாமல் விடும் பட்டியல்) சேர்த்து. ரியல்டைம் பாதுகாப்பை அணைப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அணைத்தது சற்று நேரத்தில் தானே திரும்பி வந்துவிடும். எக்ஸ்குளூஷனோடு ஓடும்போது 10 வெகுவாக 7ஐ நெருங்கிவிடும். லினக்ஸின் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4இல் ஓடும் மின்ட் இந்தச் சோதனையில் இரண்டையும் முந்தும். அதுவும் மந்திரம் இல்லை: விண்டோஸில் ஒரு கோப்பைத் திறப்பதென்றால் ஃபில்டர் டிரைவர்களின் (கோப்பு வேலைகளை இடையில் நின்று பார்க்கும் நிரல்கள்) அடுக்கு ஒன்றைக் கடந்து போக வேண்டும், லினக்ஸில் அந்தப் பாதை குட்டையானது.

2018க்குப் பிறகான கணக்கு

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தபின் "7 எவ்வளவு வேகம்" என்ற கேள்விக்கு இரண்டு பதில் உண்டு: அவற்றை அடைக்கும் அப்டேட்டுக்கு முன், பின். கெர்னலின் நினைவை யூசர் பக்கத்திலிருந்து பிரித்து வைப்பதால், ஒவ்வொரு முறை கெர்னலுக்குள் போய் வரும்போதும் ஒரு கூடுதல் செலவு. அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் சொன்னது, ஹாஸ்வெல் (இன்டெலின் நான்காம் தலைமுறை) அல்லது அதற்கு முந்தைய ப்ராசசரில் 7உம் 8உம் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் வேகம் குறைவதை உணர்வார்கள் என்று. நம் ஐ5-4570 அதே ஹாஸ்வெல். எழுத்துரு வரைவது போன்ற வேலைகளைக்கூட 7 கெர்னலுக்குள் வைத்திருந்தது, ஆகவே போய் வரும் தடவை அதிகம்.

2015இல் நிறுத்திய பழைய 7 இமேஜை எடுத்து முழுதாக அப்டேட் ஆன 10ஓடு ஓட்டினால் 7 ஜெயிப்பதில் ஒரு பங்கு இந்தப் பாதுகாப்பு இல்லாததால் வந்தது. கிப்சன் ரிசர்ச்சின் இன்ஸ்பெக்டர் என்ற சிறு கருவி இரண்டிலும் ஓடும், எது காப்பில் இருக்கிறது என்று காட்டும். லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளையின் கடைசி வரிகள் அதையே சொல்லும். எல்லாவற்றிலும் ஆன் அல்லது எல்லாவற்றிலும் ஆஃப், கலப்பு கூடாது. பயாஸை முதலிலேயே கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிட்டால் மைக்ரோகோடும் (ப்ராசசருக்குள் ஓடும் நிரல்) நான்குக்கும் ஒன்றாகிவிடும்.

ரேம்

64 பிட், 8 ஜிபி, எதுவும் திறக்காத நிலையில் தோராயமாக: 7 ஒரு ஜிபியைச் சுற்றி, 10 இரண்டைச் சுற்றி, 11 மூன்றை நெருங்கி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (லேசான டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு) ஒன்றுக்குள். இந்த எண்களை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. 10 பயன்படுத்தாத நினைவை வட்டுக்குத் தள்ளும் முன் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும், 7க்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே நிறைய டேப் திறந்து நினைவு நெருக்கடியாகும் கட்டத்தில் 10 எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் (விண்டோஸ் சர்வீஸ்களைச் சுமக்கும் ப்ராசஸ்) 80 ஓடுகிறதே என்று பதறவும் வேண்டாம்: 10இன் 1703 பதிப்பிலிருந்து 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸும் தனி ப்ராசசாகப் பிரிக்கப்படுகிறது. எண்ணிக்கை கூடியது பிரிப்பால், வேலை அந்த அளவுக்குக் கூடவில்லை. ஒப்பிட வேண்டிய எண் கமிட்டட் (புரோகிராம்களுக்கு ஒப்புக்கொடுத்த மொத்த நினைவு); லினக்ஸில் "அவெய்லபிள்" பத்தி, "ஃப்ரீ" அல்ல.

4 ஜிபியில் கதை மாறும். ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு மறுபடி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தால் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் சேர்க்கையில் 7 கண்கூடாக ஜெயிக்கும். மின்ட்டுக்கு இந்த நிலையில் இசட்ரேம் (நினைவை ரேமுக்குள்ளேயே சுருக்கும் வசதி) போட்டுக்கொடுங்கள், தானாக வராது.

பிரவுசர்

7இல் க்ரோம் 109ஓடு நின்றுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 115ஓடு. 7இல் க்ரோம் 109, 10இல் இன்றைய க்ரோம் என்று ஸ்பீடோமீட்டர் (பிரவுசர் வேகச் சோதனை) ஓட்டினால் இரண்டு பிரவுசரை ஒப்பிடுகிறோம். நான்கிலும் ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் 115 (நீண்ட ஆதரவுப் பதிப்பு), எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல், ஒரே திரை அளவில். மூன்று தடவை ஓட்டினால் ஓஎஸ்களுக்கு நடுவில் வரும் வேறுபாடு, ஒரே ஓஎஸ்ஸின் மூன்று ஓட்டங்களுக்கு நடுவில் வருவதைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

யூடியூபில் சிக்கல் வேறு. எச்டி 4600 எச்.264 என்ற கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறை) தானே விரிக்கும். ஏவி1 வந்தால் முழுக்க ப்ராசசர்தான், விபி9இலும் பாரம் பெரும்பாலும் அதன் தலையில்தான். வீடியோ மேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" பார்த்தால் எந்த கோடெக், எத்தனை ஃப்ரேம் விழுந்தது என்று தெரியும். கோடெக் ஒன்றாக இல்லாமல் ஒப்பிட வேண்டாம்.

11 பற்றிச் சுருக்கமாக

நான்காம் தலைமுறை ப்ராசசர் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இந்தத் தடையைத் தாண்ட, இன்ஸ்டால் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10உம் அழுத்தி ரெஜிஸ்ட்ரியில் லேப்கான்ஃபிக் கீ உருவாக்கும் வழி, ரூஃபஸ் (இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரிக்கும் கருவி) வழி இரண்டும் வேலை செய்கின்றன. அடுத்த பெரிய பதிப்புகள் தாமாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். 24எச்2 பதிப்புக்கு பாப்கவுண்ட் கட்டளை ப்ராசசரில் இருந்தே ஆக வேண்டும். ஹாஸ்வெல்லில் இருக்கிறது, கோர் 2 டுவோவில் இல்லை, அதில் பூட்டே ஆகாது. வேகத்தை அளக்கும் முன் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி (கெர்னலுக்குள் நுழையும் நிரலைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) ஆஃப் என்று உறுதி செய்யுங்கள். அதற்கான வன்பொருள் உதவி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, முந்தையவற்றில் மென்பொருளால் சமாளிப்பதால் செலவு அதிகம். விட்ஜெட்ஸை அணைத்தால் சில வெப்வியூ ப்ராசஸ்கள் குறையும். இத்தனைக்குப் பிறகும் கோப்பு மேல் வலது கிளிக் மெனு வரும் நேரம் 10ஐவிட ஒரு இழை தாமதமாகவே படும். எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் இல்லாமல் இந்தப் பெட்டியில் 11 போட முயற்சிப்பது வீண் உழைப்பு.

அப்படியானால் இந்தப் பெட்டியில் எது? எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் இருந்தால் வேகத்துக்காக 7க்குத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை. 7க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14இலும், 10க்குப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்தது. நெட்டில் உட்காரும் பெட்டியென்றால் மின்ட்தான் நிதானமான தேர்வு. விண்டோஸ் மென்பொருள் ஒன்று கட்டாயம் வேண்டும், ஆனால் நெட் வேண்டாம் என்றால், பழைய டாங்கிள் (உரிமச் சாவி) செருகி ஓடும் கணக்கு மென்பொருள், பழைய ப்ளாட்டர் (பெரிய வரைபடம் வரையும் இயந்திரம்) இவற்றுக்கெல்லாம், 7ஐ லேன் கேபிள் இல்லாமல் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அளந்து முடித்த ஒவ்வொரு ஓஎஸ்ஸையும் க்ளோன்சில்லா என்ற கருவியில் இமேஜாக (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து, அதன் பெயரில் பயாஸ் பதிப்பு, ரேம் அளவு, சாட்டா போர்ட் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு எண் பொருந்தாமல் போகும்போது, அந்த மூன்றில் எதை மாற்றினோம் என்று தேடுவதிலிருந்து தொடங்கலாம்.